கருவி விற்பவனே கணக்கும் எழுதுவதா?

கைத்தொலைபேசி ஒன்று கையில் இருந்தாற் போதும், நோயுந் தீரும், கடனுந் தீரும் என்று முழங்கும் கூட்டமொன்று உலகமெங்கும் கிளம்பியிருக்கின்றது. நடந்த அடிகளை எண்ணிச் சொல்ல ஒரு செயலி. மாத்திரை விழுங்கும் வேளையை நினைவூட்ட ஒரு செயலி. இரத்த அழுத்தத்தையும் சீனியின் அளவையும் குறித்துவைக்க ஒரு செயலி. வீட்டுச் செலவைப் பகுத்துக் காட்ட ஒன்று, சில்லறையைச் சேர்த்துவைக்க ஒன்று, கேட்ட மாத்திரத்திற் கடன் கொடுக்க ஒன்று! அரசாங்கங்கள் இவற்றைக் கண்டு மயங்குகின்றன. உதவி நிறுவனங்கள் பணத்தை அள்ளி வழங்குகின்றன. மாநாட்டு மேடைகளிற் கரகோஷத்துக்குக் குறைவில்லை. இத்தனை ஆரவாரத்தின் நடுவே ஒரு கேள்வியைக் கேட்பாரைத்தான் காணோம். இவற்றைப் பாவித்த மனிதன் முன்னையிலும் நலமாக இருக்கின்றானா? அவன் வீட்டுக் கடன் குறைந்ததா, கூடியதா?

கேட்டால் விடை வராமலில்லை. இத்தனை இலட்சம் பேர் எமது செயலியைத் தம் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டனர். இத்தனை கோடி முறை அது திறக்கப்பட்டது. இத்தனை ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கணக்குத் திறந்தோம் என்று தாள் தாளாக எண்கள் வருகின்றன. நாம் கேட்டது அதுவன்று. எத்தனை போத்தல் கஷாயம் விற்றது என்பது கடைக்காரனின் கணக்கு. எத்தனை பேருக்குக் காய்ச்சல் விட்டது என்பது வைத்தியனின் கணக்கு. முதலாவதைக் காட்டி அதுவே இரண்டாவது என்று சொல்வது மோசடி. அந்த மோசடி இன்று வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு அச்சாகி, "தாக்க அறிக்கை" என்ற கௌரவமான பெயரோடு அமைச்சர்களின் மேசையைச் சென்றடைகின்றது. அதனை எழுதுபவர் யார்? பெரும்பாலும் செயலியை விற்றவரே. இல்லையேல் அவரிடம் கூலி பெற்றவர்.

நாம் புதுமைக்குப் பகைவரல்லர். கருவியால் நன்மை விளைந்த இடங்களும் உண்டு. அவற்றையும் மறைக்காது சொல்வோம். எமது வழக்கு இதுதான்: கருவியை விற்பவன் கையில் அதன் பயனை அளக்கும் கோலையும் கொடுக்கலாகாது, அளக்கப்படுவது பாவிப்பவனின் உடல்நலமாகவும் அவன் குடும்பத்தின் முழுக் கடனாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்தாமல் இத்தகைய கருவிகளுக்குப் பொதுப் பணத்தில் ஒரு சதமேனும் செலவிடுவது மக்களுக்கு இழைக்கும் துரோகம் என்றே கூறுவோம்.

பத்தாயிரம் அடியின் பிறப்பு

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது இன்று வேதவாக்காகிவிட்டது. கையிற் கட்டும் கருவிகளெல்லாம் அந்த எண்ணை எட்டியதும் மணியடித்து வாழ்த்துகின்றன. இந்த எண் எந்த வைத்திய ஆராய்ச்சியிலே பிறந்தது? ஓர் ஆராய்ச்சியிலும் பிறக்கவில்லை. 1964 ஆம் ஆண்டின் தோக்கியோ ஒலிம்பிக் விழா முடிந்த சூட்டோடு, 1965 இல், யப்பானிய நிறுவனமொன்று இடுப்பிற் செருகும் அடிமானி ஒன்றைச் சந்தைக்கு விட்டது. அதற்கு "மான்போ-கே" என்று பெயரிட்டது. பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்பதே அப்பெயரின் பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் அறுபது ஆண்டுகளாக ஆரோக்கியத்தின் இலக்கணமாக உலா வருகின்றது!

உண்மையை அளந்து பார்த்தவர்கள் பின்னரே வந்தனர். அமெரிக்காவில் சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களின் அடிகளை எண்ணி, அவர்களுடைய ஆயுளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019 இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு வீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியளவில் அந்த நன்மை நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தோருக்கு மேலதிகமாக எதுவும் கிட்டியதாகக் காணப்படவில்லை. ஆகவே, 5,000 அடி நடந்துவிட்டுப் பாதிதானே எட்டினோம் என்று சோர்ந்து உட்காரும் மூதாட்டிக்கு அந்தக் கருவி கூறுவது பொய். அவள் நன்மையின் பெரும்பகுதியை ஏற்கெனவே பெற்றுவிட்டாள்.

சரி, எண் எதுவாயினும் ஆகுக, கருவி கட்டினால் உடல் தேறுமல்லவா என்பர். அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், உடற்பருமன் கூடிய 471 இளம் வயதினரை இரு கூறாக்கினர். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சி ஆலோசனையும் இரு சாராருக்கும் பொது. பின்னர் ஒரு சாராருக்கு மட்டும் உடலிற் கட்டும் கருவி கொடுக்கப்பட்டது. 24 மாதங்களின் பின் நிறுத்துப் பார்த்தபோது, கருவி கட்டியோர் சராசரியாக 3.5 கிலோ இழந்திருந்தனர். கருவி இல்லாதோர் இழந்தது 5.9 கிலோ! கருவி உதவவில்லை என்பது மட்டுமல்ல, இல்லாதிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும் என்பதே அந்தக் கணக்கின் பொருள். 2016 இல் வெளியான இந்த முடிவைக் கருவி விற்ற எந்தக் கடையின் கண்ணாடியிலாவது யாரேனும் ஒட்டி வைத்ததைக் கண்டதுண்டா?

அதே ஆண்டிலே சிங்கப்பூரிலிருந்தும் ஒரு முடிவு வந்தது. 13 நிறுவனங்களின் 800 தொழிலாளரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குக் கருவி இல்லை. மற்றைய மூன்றுக்கும் உண்டு. அம்மூன்றில் ஒன்றுக்கு நடந்தாற் பணம். இன்னொன்றுக்கு நடந்தால் அவர் பெயரிலே தருமம். பணம் கிடைத்த ஆறு மாதமும் மக்கள் நடந்தனர். பணம் நின்றதும் கால்களும் நின்றன. ஓராண்டு முடிவில் நிறையிலும் இரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. கருவியை இன்னும் கட்டிக்கொண்டிருந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 10 வீதத்தினரே. மற்றையோரின் கருவிகள் மேசை லாச்சிகளிலே துயில் கொண்டன.

இங்கேதான் விற்பவனின் கணக்குத் தந்திரம் வெளிப்படுகின்றது. அவன் ஓராண்டின் பின் யாரை எண்ணுவான்? இன்னும் கட்டியிருக்கும் அந்தப் பத்துப் பேரைத்தான் எண்ணுவான். அவர்கள் யார்? கருவி இல்லாவிட்டாலும் காலையில் எழுந்து நடக்கக்கூடியவர்கள். விட்டுப்போன தொண்ணூறு பேரும் அவன் ஏட்டில் இல்லை.

இந்தத் தந்திரத்தை ஐயந்திரிபற வெளிப்படுத்திய பெருமை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுக்கு உரியது. அதனைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எமது வழக்கின் உயிர்நாடி அதுவே. அப் பல்கலைக்கழகம் தன் ஊழியருக்காக நல்வாழ்வுத் திட்டமொன்றை வகுத்தது. உடற்பரிசோதனை, இணையவழி உடல்நலப் படிவம், பின்னர் ஆண்டு முழுவதும் பயிற்சிகள், பங்குபற்றியோருக்குப் பணப் பரிசு என்று எல்லாம் அதில் இருந்தன. முன்வந்த 4,834 ஊழியரைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மட்டும் திட்டத்திற் சேர வாய்ப்பளித்தனர். ஆண்டு முடிவில் ஆய்வாளர் மூவர் இரு விதமாகக் கணக்குப் பார்த்தனர்.

முதலாவது, சந்தையில் வழங்கும் கணக்கு: திட்டத்திற் பங்குபற்றியவரைப் பங்குபற்றாதவரோடு ஒப்பிடுவது. அப்படிப் பார்த்தபோது திட்டம் அற்புதமாக மின்னியது. பங்குபற்றியோரின் வைத்தியச் செலவு குறைவு. உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர்கள் சென்ற நாட்கள் அதிகம். இரண்டாவது, நேர்மையான கணக்கு: குலுக்கலில் வாய்ப்புப் பெற்றோர் அனைவரையும், சேர்ந்தாலென்ன சேராவிட்டாலென்ன, வாய்ப்புப் பெறாதோர் அனைவரோடும் ஒப்பிடுவது. அப்படிப் பார்த்தபோது அற்புதம் மறைந்துவிட்டது. வைத்தியச் செலவிலும் உடற்பயிற்சிப் பழக்கத்திலும் இரு சாராருக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திட்டம் தொடங்குமுன்னரே குறைந்த செலவும் நல்ல பழக்கமும் உடையவர்கள்தாம் அதில் விரும்பிச் சேர்ந்திருந்தனர் என்பதே மர்மம். 2019 இல் அந்த ஆய்வு வெளியான அதே ஆண்டில், அமெரிக்க வாணிப நிறுவனமொன்றின் 160 கிளைகளில் ஏறத்தாழ 33,000 ஊழியரை வைத்து நடத்திய வேறொரு ஆய்வும், உடல்நல அளவுகளிலும் செலவிலும் மாற்றம் இல்லையென்றே கண்டது.

ஒரே ஊழியர், ஒரே ஆண்டு, ஒரே திட்டம். ஒரு கணக்கு வெற்றி என்றது. மற்றது வெறுமை என்றது. விற்பவன் எந்தக் கணக்கைத் தேர்வான் என்று வாசகருக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?

கென்யா கற்பிக்கும் பாடம்

உடலின் கணக்கு இவ்வாறாக, பணத்தின் கணக்கு இதனினும் சிக்கலானது. அதனைக் காண்பதற்குக் கிழக்கு ஆபிரிக்காவின் கென்யாவை விடப் பொருத்தமான நாடு இல்லை. நகரிலே உழைப்பவன் கிராமத்துக்குப் பணம் அனுப்பப் பஸ் சாரதியையும் தெரிந்தவரையும் நம்பியிருந்த அந்நாட்டில், 2007 ஆம் ஆண்டு "எம்-பெசா" என்னும் கைத்தொலைபேசிப் பணச்சேவை தொடங்கிற்று. பெசா என்றாற் சுவாகிலி மொழியிலே பணம். மூலைக்கடைக்காரனே முகவர், அவனிடம் காசைக் கொடுத்தால் ஊரிலிருக்கும் தாய் தன் பக்கத்துக் கடையிலே பெற்றுக்கொள்வாள். எளிய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் பரந்துவிட்டது.

2016 இல் தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் பொருளியலாளர் இருவர் "சயன்ஸ்" சஞ்சிகையில் ஒரு கணக்கை வெளியிட்டனர். எம்-பெசாவினால் ஏறத்தாழ 194,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் நூற்றுக்கு 2 வீதம், வறுமையிலிருந்து மீண்டன என்றும், 185,000 பெண்கள் கமத்தை விட்டு வியாபாரத்துக்கு மாறினர் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். அவர்கள் விற்பனையாளர் அல்லர். முகவர் கடைகள் எங்கெங்கே விரைவாகப் பெருகின, எங்கெங்கே மெதுவாகப் பெருகின என்பதை வைத்து, அயலில் வாழ்ந்த குடும்பங்களைப் பல்லாண்டு தொடர்ந்து கேட்டுச் செய்த மதிப்பீடு அது. அந்த உழைப்பை நாம் குறைத்துக் கூறமாட்டோம்.

ஆயினும் 2019 இல் மில்ஃபோர்ட் பேட்மனும் வேறிருவரும் ஆபிரிக்க அரசியற் பொருளியற் சஞ்சிகை ஒன்றிலே அதனை எதிர்த்து எழுதினர். அவர்கள் எழுப்பிய வினாக்கள் எந்தச் சாதாரண மனிதனுக்கும் தோன்றக்கூடியவை. புதிதாக வியாபாரந் தொடங்கிய பெண்களை எண்ணிய நீங்கள், நட்டப்பட்டு மூடிய வியாபாரங்களை எண்ணினீர்களா? புதுக்கடை வந்ததாற் பக்கத்திலிருந்த பழைய கடைக்காரி இழந்த வருமானத்தைக் கழித்தீர்களா? பெருகிவரும் கடனைக் கணக்கில் எடுத்தீர்களா? இவ்வினாக்களுக்கு முழுமையான விடை கிடைக்குமுன்னரே 194,000 என்னும் எண் உலகைச் சுற்றிவிட்டது. ஒரு மதிப்பீட்டின் நிபந்தனைகளையெல்லாம் உரித்தெறிந்து, எண்ணை மட்டும் கொடியாகப் பிடித்து ஊர்வலம் போவது இக்காலத்தின் பழக்கம்.

இதனினும் பெரிய ஏமாற்று ஒன்றுண்டு. அந்தக் கணக்கு பணம் அனுப்பும் வசதியைப் பற்றியது. ஆனால் அதே கைத்தொலைபேசி வழியே 2012 நவம்பரில் வேறொரு சரக்கு வந்தது. அதுதான் கடன். எம்-ஷ்வாரி என்னும் அந்தச் சேவையிலே 30 நாட் கடனுக்கு நூற்றுக்கு 7.5 வீதம் கட்டணம். வட்டி என்ற சொல்லே இல்லை, "வசதிக் கட்டணம்" என்று பெயர்! மாதந்தோறும் அதே கடனைப் புதுப்பித்துக்கொண்டு போகும் ஏழைக்கு ஆண்டு முடிவிலே அது நூற்றுக்கு 90 வீதம் ஆகின்றது. எமது ஊர்களில் மீற்றர் வட்டிக்காரனைக் கண்டாற் கதவைச் சாத்துவோம். அவனே செயலி வடிவில் வந்தால் நிதி உள்ளடக்கம் என்று மாலையிடுகின்றோம். பின்தொடர்ந்து வேறு பல கடன் செயலிகளும் அந்நாட்டிற் புகுந்தன. பணம் அனுப்பும் வசதி பெற்ற நற்சாட்சிப் பத்திரத்தைக் கடன் வியாபாரத்தின் நெற்றியில் ஒட்டுவது, தமையன் சித்தியடைந்த பரீட்சைக்குத் தம்பி உத்தியோகம் கேட்பதற்கு ஒப்பானது.

கடனை அளந்தவர்கள் கண்டதென்ன? கைத்தொலைபேசிக் கடன் பெற்றோரிடையே நடத்திய விசாரணையிலே, கென்யாவில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தவணை பிந்திச் செலுத்தியோர். நூற்றுக்கு 12 வீதத்தினர் செலுத்தவே இயலாது போனோர். அயல்நாடாகிய தன்சானியாவில் அவ்வாறு இயலாது போனோர் நூற்றுக்கு 31 வீதம். மறுபுறத்தையும் சொல்வதே நேர்மை: எம்-ஷ்வாரிக் கடன் பெறத் தகுதி பெற்ற கென்யக் குடும்பங்களிலே, நோய் போன்ற திடீர் ஆபத்து நேர்ந்த வேளையில் அவசியச் செலவைக் கைவிட நேர்ந்தோரின் தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 6 புள்ளி குறைந்திருந்தது என்று 2021 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவிலே கைக்கெட்டிய கடன் பிள்ளையை வைத்தியரிடம் சேர்க்கின்றது. அதே கடன் அடுத்தடுத்த மாதங்களிலே தாயின் கழுத்தை நெரிக்கின்றது. இரண்டும் உண்மை. விற்பவன் முதலாவதை மட்டும் எழுதுவான். அவன் அறிக்கை அந்த இரவோடு முடிந்துவிடும்.

தவணை தவறியவரின் தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியலைக் கைப்பற்றி, அவரது உறவினருக்கும் முதலாளிக்கும் சகபாடிகளுக்கும் அழைப்பெடுத்து மானத்தை வாங்கும் கொடுமையும் அங்கே தலைவிரித்தாடிற்று. 2021 முடிவில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் 2022 இல் விதிகள் வகுத்து, அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் நிலைக்குக் கென்ய மத்திய வங்கி தள்ளப்பட்டது. நாட்டின் சட்டத்தையே மாற்றவேண்டி வந்த இந்த மானபங்கத்தை எந்தச் செயலிக்காரனாவது தன் தாக்க அறிக்கையில் ஒரு வரியாகவேனும் சேர்த்தானா?

மாம்போ?

இத்தனைக்கும், அதே கென்யாவிற்றான் கைத்தொலைபேசியின் நன்மையை ஐயமற நிறுவிய ஆய்வு ஒன்றும் நடந்தது. எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து தொடங்கிய 538 நோயாளரைக் குலுக்கலில் இரு கூறாக்கினர். ஒரு கூறினருக்கு வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி, "மாம்போ?" என்று. எப்படி இருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். சுகமென்றால் "ஸாவா", தொல்லையென்றால் "ஷிடா" என்று பதில் போடவேண்டும். தொல்லை என்று சொன்னவருக்கும், இரண்டு நாளாகப் பதில் போடாதவருக்கும் வைத்திய நிலையத்திலிருந்து ஒருவர் அழைப்பெடுத்துப் பேசுவார். விலையுயர்ந்த செயலி இல்லை. வண்ணப் படம் இல்லை. மணியடிக்கும் வாழ்த்து இல்லை.

அளவுகோலும் நேர்மையானது. இடையில் விட்டுப்போனோரும் கணக்கில் இருந்தனர். இரத்தத்திலே வைரசின் அளவு பரிசோதிக்கப்பட்டது. ஓராண்டு முடிவிலே மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 62 வீதம், பெறாதவர்களில் 50 வீதம். வைரசு அடங்கியோர் 57 வீதமும் 48 வீதமும். 2010 இல் "லான்செற்" சஞ்சிகை அதனை வெளியிட்டது. ஆயின் ஆபிரிக்காவின் மறு கரையிலுள்ள கமரூனில், யாவுண்டே நகரத்தின் 200 நோயாளருக்கு வாரந்தோறும் ஊக்கமூட்டும் செய்தி அனுப்பிப் பார்த்த ஆய்வு, ஆறு மாதத்தின் பின் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. அது 2012 இல் வெளியாயிற்று. தொலைபேசி ஒன்றே, செய்தியும் வாரத்துக்கு ஒன்றே. எனினும் ஓரிடத்திற் பலித்தது மற்றோரிடத்திற் பலிக்கவில்லை. ஓரூரின் வெற்றியை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊரிலே விற்கப் புறப்படுவோர் இதற்கு என்ன சமாதானம் கூறுவர்? எமக்குத் தோன்றுவது, கென்யாவிலே நோயாளியின் "ஷிடா"வுக்குக் காதுகொடுக்க ஒரு மனிதர் கட்டாயம் இருந்தார் என்பதே. கருவியைக் காட்டித் தாதியின் வேலையை வெட்ட நினைக்கும் அரசாங்கங்களுக்கு இது உவப்பான செய்தி அல்ல.

நமது வாசலில்

கென்யாவின் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர் நமது நாட்டின் அண்மைக்கால வரலாற்றை மறந்தவராவர். 2009 இன் பின் போரினால் நொந்த வடக்குக் கிழக்கிலே நுண்கடன் கம்பனிகள் வந்து குவிந்தன. கணவனை இழந்தவளுக்கும், காணாமற் போனவனுக்காகக் காத்திருப்பவளுக்கும் வீடு தேடிக் கடன் வந்தது. அந்த வியாபாரமும் தன்னைத் தானே அளந்தது. அதன் அளவுகோல் திருப்பிச் செலுத்தும் வீதம். நூற்றுக்கு நூறை நெருங்கும் அந்த வீதத்தைக் காட்டி, பாருங்கள், பெண்கள் முன்னேறுகின்றனர் என்றனர். தவணைநாள் வந்ததும் ஒரு கம்பனியின் கடனை அடைக்க இன்னொரு கம்பனியிற் கடன் வாங்கியதும், தாலிக்கொடி அடகுக்குப் போனதும், சேகரிப்பவன் முற்றத்திலே குந்தியிருந்ததும் அந்த வீதத்திலே தெரியாது. தெரியாது என்பது மட்டுமன்று, அந்த அவலமே அந்த வீதத்தை உயர்த்திற்று!

உண்மை எவ்வாறு வெளிவந்தது? எந்த அறிக்கையாலும் அன்று. 2018 இலே வறட்சியால் வாடிய மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடனில் ஒரு பகுதியை அரசாங்கமே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு விதிக்கவும் நேர்ந்தது. 2021 மார்ச் மாதத்திலே பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கெதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடன்காரனின் ஏட்டிலே வெற்றியாக இருந்தது மக்களின் தெருவிலே கண்ணீராக நின்றது; அதில் மொழி வேறுபாடு இருக்கவில்லை. அந்த வியாபாரமே கால்நடையாக வந்த காலத்தில் இத்தனை சேதம் விளைந்ததென்றால், நள்ளிரவிலும் தலையணைக்கடியில் விழித்திருக்கும் தொலைபேசிக்குள் அது குடியேறும் காலத்தில் நாம் எத்தனை விழிப்போடு இருக்கவேண்டும்!

இவர்களுக்கு நுணுக்கமாக அளக்கத் தெரியாது என்றும் யாரும் நினைக்கவேண்டாம். தமக்கு வேண்டியதை மயிரிழையளவும் பிசகாமல் அளப்பார்கள். மனநோய்க்கு இணையவழி ஆலோசனை வழங்கும் பெற்றர்ஹெல்ப் என்னும் அமெரிக்க நிறுவனம், தன்னிடம் வந்தோரின் தகவல்களைப் பேஸ்புக் போன்ற விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்ததென்ற குற்றச்சாட்டின் பேரில், 2023 இலே 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட வேண்டியதாயிற்று. நோயாளி எதைத் தொட்டான், எந்த விளம்பரத்துக்கு மசிவான் என்று அளக்கும் கலை இத்துறையிலே இவ்வளவு வளர்ந்திருக்கையில், அவன் துயரம் தணிந்ததா என்று அளக்க மட்டும் வழியில்லையாம்!

இங்கே ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. சுகாதாரத் திணைக்களமோ மாகாண சபையோ கூட்டுறவுத் துறையோ இப்படியொரு கருவியை மக்களிடம் கொண்டுசெல்ல விரும்பினால், ஒரே நாளிலே எங்கும் திறந்துவைத்து நாடா வெட்டாமல், எந்தச் சுகாதாரப் பிரிவுக்கு முதலில், எதற்கு அடுத்த ஆண்டில் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கட்டும். எப்படியும் எல்லாப் பிரிவுக்கும் ஒரே நாளிற் கொடுக்க அவர்களால் இயலாது. அமைச்சரின் தொகுதிக்கு முதலில் என்னும் இன்றைய முறையிலும் குலுக்கல் மோசமாகிவிடாது. அந்த ஓராண்டு இடைவெளியே இலவசமான அளவுகோல். செலவு அதிகம், காலம் போதாது என்னும் சாக்கு இங்கே செல்லாது. அளப்பவர் கருவிக்காரனிடம் ஒரு சதமும் வாங்காத பல்கலைக்கழகத்தாராக இருக்கட்டும். எதை அளப்போம் என்பதைத் தொடங்குமுன்னரே எழுதி வெளியிடட்டும். முடிவு வந்தபின் சாதகமான எண்ணைத் தேடிப் பொறுக்கும் விளையாட்டு அத்தோடு ஒழியும்.

நீரிழிவுச் செயலி என்றால், அது எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை விட்டு, மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைப் பார்க்கட்டும். இரத்த அழுத்தச் செயலி என்றால், நோயாளியின் கிளினிக் கொப்பியிலே தாதி பேனையால் எழுதும் எண்ணைப் பார்க்கட்டும். அந்தக் கொப்பி இந்நாட்டின் ஏழைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றது. சேமிப்புச் செயலி என்றால், செயலிக்குள் எவ்வளவு சேர்ந்தது என்பதோடு நில்லாமல், அடகுகடைத் துண்டையும், சீட்டுப் பாக்கியையும், சங்கக்கடைக் கொப்பியையும், மச்சாளிடம் வாங்கிய கைமாற்றையும் கூட்டிப் பார்க்கட்டும். செயலிக்குள் ஐயாயிரம் சேர்ந்து, அடகுகடையிலே பத்தாயிரம் ஏறியிருந்தால் அந்தக் குடும்பம் சேமித்த குடும்பமா? இடையில் விட்டுப்போனவர்களைத் தேடிப் போய், ஏன் விட்டீர்கள் என்று கேட்கட்டும். தமிழ்ப் பிரதேசங்களிலே அந்தக் கேள்வி தமிழிலே கேட்கப்படட்டும். புரியாத மொழிப் படிவத்தின் கீழே இட்ட கைநாட்டு விடையாகாது.

வடக்குக் கிழக்கையும் மலையகத்தையும் பிரதிநிதித்துவம் செய்யும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒன்று கூறுகின்றோம். செயலி வெளியீட்டு விழாக்களிலே முன்வரிசை ஆசனம் கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே. அடுத்த முறை அந்த ஆசனத்தில் அமருமுன், சபையின் கேள்வி நேரத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: சென்ற முறை வெளியிட்ட செயலியைத் தொடங்கியோர் எத்தனை பேர், ஓராண்டின் பின் எஞ்சியோர் எத்தனை பேர், அவர்களின் உடலிலும் கடனிலும் கண்ட மாற்றம் யாது, அதனை அளந்தவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? அமைச்சர் அளிக்கும் விடையை இப் பத்திரிகையிலே ஒரு சொல்லும் விடாது வெளியிடுவோம். விடை இல்லையென்றால், அதனையும் வெளியிடுவோம்.